தேய்மானக் கணக்கில் ஒரு ஜோடி பூட்ஸ்

வணிகவியல் பயின்றவர்களுக்குத் ‘தேய்மானம்’ என்பது பேரேட்டில் எழுதும் சொல். இயந்திரமும் ஊர்தியும் ஆண்டுக்காண்டு மதிப்பிழப்பதைக் கணக்கில் காட்டுவதற்கு அதைப் பயன்படுத்துகிறோம். அதன் நேர்ப்பொருளைக் காண விரும்புவோர், நாள்தோறும் கால்பந்து ஆடும் ஒரு சிறுவனின் பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். மூன்று மாதங்களுக்கு முன்பு கூராக நின்ற ஸ்டட்கள் மழுங்கியிருக்கும். முன்பாதம் மடங்கும் இடத்தில் அடித்தட்டு வாய் பிளந்திருக்கும். குடும்ப வரவு செலவில் இப்பொருளுக்கான கணக்கை நம்மில் பலர் பிழையாகவே போடுகின்றனர் என்பது என் கருத்து. மலிவானதை வாங்குவதே சிக்கனம் என்று சிலர் எண்ணுகின்றனர். விலை கூடினால் நெடுநாள் உழைக்கும் என்று வேறு சிலர் நம்புகின்றனர். இரண்டுமே தவறு.

பூட்ஸ் அவ்வளவு இன்றியமையாததா, நம் முன்னோர் வெறுங்காலோடு ஆடவில்லையா என்று கேட்போர் இன்றும் உளர். ஆடினார்கள், வென்றும் காட்டினார்கள். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, பதினொருவரில் பதின்மர் வெறுங்காலினர். சுதிர் சாட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற இந்திய அணியிலும் பெரும்பாலோர் பூட்ஸ் இன்றியே ஆடினர். ஆனால் 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றபின், வெறுங்கால் ஆட்டத்தின் காலம் முடிவுக்கு வந்தது. அடுத்த ஒலிம்பிக்கில், 1956-இல் மெல்பர்னில், இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. அந்த உயர்வுக்குப் பூட்ஸ் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். எனினும் இன்றைய ஆட்ட விதிகளின்படி காலணி கட்டாயமானது. ஆகவே அது விளையாட்டில் சேர்வதற்கான நுழைவுக் கட்டணம் போன்றது. அக்கட்டணம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேட்கப்படும் என்பதே கேள்வி.

பணிமாற்றம் என்னைச் சில ஆண்டுகள் கொல்கத்தாவில் வைத்திருந்தது. அங்கு எங்கள் கிளைக்கு வரும் பெண்மணி ஒருவர், நான்கு வீடுகளில் வேலை செய்து தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் சிறு தொகை கட்டி வந்தார். ஒருநாள் அக்கணக்கை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். மாவட்டத் தேர்வுக்குச் செல்லும் மகளுக்குப் பூட்ஸ் வாங்க வேண்டுமாம். சில வாரங்கள் கழித்து வந்தபோது மகளைப் பற்றி விசாரித்தேன். மூன்றாம் ஆட்டத்திலேயே அடித்தட்டு கழன்று விட்டதென்றும், பெண் இப்போது தோழியிடம் இரவல் வாங்கி ஆடுகிறாள் என்றும் சொன்னார். இரவல் பூட்ஸ் உரியவள் ஆடாத நாளில்தானே கிடைக்கும்? ஆட்டத்தில் குறையொன்றும் இல்லாத பிள்ளைகள் இவ்வாறுதான் திடலிலிருந்து மெல்ல மெல்ல விலகுகின்றனர்.

அந்தப் பூட்ஸ் ஏன் கழன்றது என்பதைப் பிறகே அறிந்தேன். எஸ்பிளனேட் அருகே மைதான் சந்தை என்று விளையாட்டுப் பொருள்களுக்கென்றே ஓர் அங்காடி உண்டு. அங்கே பழுத்த அனுபவமுள்ள கடைக்காரர் ஒருவர், வாடிக்கையாளரிடம் கால் அளவைக் கேட்பதற்கு முன்பே “எந்தத் திடலில் ஆடுகிறாய்?” என்று கேட்பார். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கொல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. சேற்றிலும் ஈரப்புல்லிலும் ஆடுவோருக்கு நீண்ட ஸ்டட் வேண்டும். மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டமோ மழை ஓய்ந்தபின், காய்ந்து இறுகிய மண்ணில் நடப்பது. அங்கே நீண்ட ஸ்டட் மண்ணில் இறங்காது. உடலின் எடை முழுவதும் அச்சில குமிழ்களின் மீதே நின்று, அடித்தட்டை வளைத்து, பசையைப் பிளக்கும். முழங்காலும் கணுக்காலும் படும் பாடு தனி. திடலுக்கேற்ற அடித்தட்டு என்பது புதிய எண்ணமும் அன்று. 1954-இல் பெர்ன் நகரில் மழையில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், திருகி மாற்றத்தக்க நீண்ட ஸ்டட்களோடு மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3-2 என வென்ற கதையைக் கால்பந்து அன்பர்கள் அறிவர்.

இன்று பூட்ஸ் பெட்டியின் மீதோ அடித்தட்டிலோ இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எஃப்.ஜி. என்றால் உறுதியான புல்தரை, எஸ்.ஜி. என்றால் ஈரத்தால் இளகிய தரை, ஏ.ஜி. என்றால் செயற்கைப் புல், டி.எஃப். என்றால் சிறு ரப்பர்க் குமிழ்கள் நிறைந்த, கடினத் தரைக்கும் பழைய செயற்கைத் தரைக்கும் ஏற்ற வகை. நம் பள்ளித் திடல்களிற் பெரும்பாலானவை புல்லே இல்லாத கட்டாந்தரை. அவற்றுக்கு எஸ்.ஜி. வகையை வாங்குவது பணத்தை மண்ணில் தேய்ப்பதற்கு ஒப்பாகும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல் திடல்கள் நகரங்களில் பெருகிவிட்டன, அங்கே எஃப்.ஜி. அணிந்து ஆடினால் தேய்வு விரைவு. பொருந்தாத தரையில் ஆடிக் கெட்ட காலணிக்கு உத்தரவாதம் செல்லாது என்று சில நிறுவனங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன என்பதையும் நினைவிற் கொள்க.

இனி விலை. விலையுயர்ந்த பூட்ஸ்களிற் பல, எடை குறைவதற்காகவே அவ்விலை பெறுகின்றன. மேற்பகுதி மெல்லியதாகும்; பந்தைத் தொடும் உணர்வு கூடும்; ஆயுள் கூடுவதில்லை. நிறுவனமே புதிய ஜோடி தரும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது பொருந்தும். நாம் காண வேண்டியது, ஓர் ஆட்ட நாளுக்கு என்ன செலவு என்பதே. எடுத்துக்காட்டாக, 700 ரூபாய்ப் பூட்ஸ் 40 நாள் ஆட்டம் தாங்கினால் நாளொன்றுக்கு 17 ரூபாய் 50 காசு. 2,400 ரூபாய்ப் பூட்ஸ் 200 நாள் தாங்கினால் 12 ரூபாய். 12,000 ரூபாய்ப் பூட்ஸ் 250 நாளே தாங்கினாலும் 48 ரூபாய். எண்கள் ஊருக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும். கணக்கிடும் முறை மாறாது. நடுத்தர விலையில், தடித்த மேற்பகுதியும் சுற்றிலும் தையலும் உடைய ஜோடியே பெரும்பாலோர்க்கு ஆதாயம் தருவது.

வரியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய்க்கு மேற்படாத காலணிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. வரிக்கு முன் 2,500 ரூபாய் விலையுள்ள பூட்ஸ் 2,625 ரூபாய்க்குக் கைக்கு வரும். 2,600 ரூபாய் விலையுள்ளதோ 3,068 ஆகிவிடும். நூறு ரூபாய் உயர்வுக்கு 443 ரூபாய் கூடுதலாகத் தருகிறோம்.

தவணை முறையைப் பற்றி, கடன் கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கடனின் காலம், அக்கடனால் வாங்கும் பொருளின் ஆயுளைவிட நீளக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆறு மாதத்தில் தேயும் பூட்ஸுக்கு ஒன்பது மாதத் தவணை கட்டுவோர், கடைசி மூன்று மாதம் இல்லாத பொருளுக்குப் பணம் செலுத்துகின்றனர். வட்டியில்லாத் தவணை என்றாலும் செயலாக்கக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். மாதம் 200 ரூபாய் தொடர் வைப்பில் இட்டால், ஓராண்டு முடிவில் 2,400 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அடுத்த ஜோடிக்கு அது போதும்.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இக்கணக்கு சற்றே திரும்புகிறது. அங்கே பூட்ஸின் ஆயுளைப் பெரும்பாலும் வளரும் பாதமே முடித்து வைக்கிறது. பத்து, பன்னிரண்டு வயதில் எட்டு மாதத்தில் சிறியதாகிவிடும் காலணி, மூன்றாண்டு உழைக்கும் தரத்தில் இருந்து என்ன பயன்? அதற்காக இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சடைத்துத் தருவதும் சரியன்று. பாதம் உள்ளே வழுக்கும், கொப்புளம் எழும், மடங்கக் கூடாத இடத்தில் காலணி மடங்கி அங்கேயே விரிசல் விடும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரலின் பாதி அகலம் இடம் இருந்தால் போதுமானது.

பராமரிப்பில் பெரிய வித்தை ஏதுமில்லை. புதிதாய் இருக்கும்போதே, செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து, மெழுகிட்ட நைலான் நூலால் அடித்தட்டைச் சுற்றித் தைத்து வாங்கிவிடுங்கள். வாய் பிளந்தபின் தைப்பது பாதிப் பயனே தரும். வீட்டிலிருந்தே பூட்ஸ் அணிந்து சிமெண்ட் சாலையில் நடந்து செல்லும் பிள்ளை, ஆட்டம் தொடங்குமுன்னரே ஸ்டட்களைத் தேய்த்துவிடுகிறான். நனைந்ததை வெயிலில் வைக்காதீர்கள். வெப்பம் பசையை இளக்கும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் உலர்த்துங்கள். கயிற்றை அவிழ்க்காமல் குதிகாலை மிதித்துக் கழற்றும் வழக்கமோ பின்பகுதியை உடைத்துவிடும். இதைப் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கொல்கத்தாவில் நான் கண்ட ஒரு பயிற்சிக் குழுவில் பழைய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. சிறியதாகிவிட்ட பூட்ஸை அதில் இட்டு, பெரியதொன்றை எடுத்துக்கொள்ளலாம். இட்டவர் பெயரும் எடுத்தவர் பெயரும் ஒரு கோடு போட்ட நோட்டில் பதிவாகும். வட்டியில்லா வங்கி என்று அதன் பயிற்சியாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பள்ளிகளும் பகுதிக் குழுக்களும் செலவின்றிச் செய்யக்கூடிய ஏற்பாடு இது. எடுப்போர் உள் அட்டையை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டும். அடித்தட்டு விரிந்ததையும், குதிகால் ஒருபுறம் சாய்ந்து தேய்ந்ததையும் பெட்டியில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுவது நல்லது.