வசித்தல் என்பது நாட்கணக்கு அன்று

கல்வி உதவித்தொகை மறுப்பாணை ஒன்றைச் சென்ற மாதம் படிக்க நேர்ந்தது. ஆங்கிலத்தில் ஒற்றை வரி. விண்ணப்பதாரர் கடந்த மூன்றாண்டுகள் மாநிலத்தில் தொடர்ந்து வசிக்காதவர் என்பதால் தகுதியற்றவராம்.

அந்த விண்ணப்பதாரர் முதலாண்டு இளங்கலை மாணவி. தந்தை மஸ்கட்டில் வெல்டராக இருந்தவர். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளை அங்குள்ள இந்தியப் பள்ளியில் படித்து, தந்தையின் ஒப்பந்தம் முடிந்ததும் குடும்பத்தோடு திரும்பினார். அந்த இரண்டாண்டுகளும் பாட்டி அதே வீட்டில்தான் இருந்தார். குடும்ப அட்டையின் முகவரியும் மாறவில்லை. மேல்முறையீடு எழுதித் தர முடியுமா என்று கேட்டு வந்தபோது, மொழியியல் படித்த எனக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று தயங்கினேன். ஆணையைப் படித்ததும் தயக்கம் அகன்றது. அதிலுள்ள பிழை, சட்டப் பிழையாவதற்கு முன்பே சொற்பொருட்பிழை.

தங்குதல் வேறு, வசித்தல் வேறு. மருத்துவமனையில் மூன்று மாதம் படுத்திருந்தவரை அங்கே 'வசித்தார்' என்று எவரும் சொல்வதில்லை. அம்மூன்று மாதங்களில் அவர் தம் வீட்டில் வசிப்பதை விட்டுவிட்டார் என்றும் சொல்வதில்லை. நானறிந்த மொழிகள் யாவும் இவ்வேறுபாட்டை ஏதோ ஒரு வகையில் காக்கின்றன. அலுவலகம் மட்டும் கடவுச்சீட்டு முத்திரைகளை எண்ணிப் பார்த்து முடித்துக்கொள்கிறது.

சட்டமும் மொழியின் பக்கமே நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20ஆம் பிரிவில், வழக்கமான வசிப்பிடத்திலிருந்து தற்காலிகமாக நீங்கியிருப்பதாலேயே ஒருவர் அங்கு வசிப்பவர் என்ற நிலையை இழப்பதில்லை என்கிறது. பிரிட்டனில் மாணவர் உதவித்தொகைக்கான மூன்றாண்டு வசிப்பு விதி பற்றியே ஒரு வழக்கு எழுந்தது. ஷா எதிர் பார்னெட் என்னும் அவ்வழக்கில் 1982 டிசம்பரில் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. ஒருவருடைய வாழ்வின் வழக்கமான ஒழுங்கு எங்கே அமைந்துள்ளது என்பதே கேள்வி, இடையிடையே நேரும் தற்காலிக நீக்கங்கள் அதன் தொடர்ச்சியை அறுப்பதில்லை என்று ஸ்கார்மன் பிரபு விளக்கினார். அத்தீர்ப்பு இங்கே எவரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அச்சொல்லைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எப்படிப் படித்தார் என்று காட்டுகிறது.

இரண்டாண்டு தற்காலிகமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விதியே கூடாது என்று நானும் சொல்லவில்லை. அது இல்லையெனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துவிட்டு உதவித்தொகைக்கு வரிசையில் நிற்போர் பெருகுவர். ஆயினும் வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளி குடியேறப் போகிறவர் அல்லர். அவருடைய விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் ஊர் திரும்பியாக வேண்டும். அவருடைய மகளை ஓமான் என்றைக்கும் தன் குடியாக ஏற்கப்போவதில்லை. இங்கேயும் வசிக்கவில்லை என்றால், பதினாறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை அந்தப் பெண் எங்குமே வசிக்கவில்லை என்றாகிறது! அந்தத் தந்தை அனுப்பிய பணம் இந்நாட்டின் அந்நியச் செலாவணியில் சேர்ந்தபோது, நீர் இங்கே வசிப்பவரா என்று யாரும் கேட்கவில்லை.

என்னை அதிகம் சினங்கொள்ள வைத்தது ஒற்றை வரி என்பதுதான். எந்த நாள் முதல் எந்த நாள் வரை கணக்கிட்டார்கள், பாட்டி இருந்த வீட்டையும் குடும்ப அட்டையையும் ஏன் ஏற்கவில்லை, ஒன்றும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(ஈ) பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணங்களைத் தரும் கடமையைப் பொது அதிகார அமைப்பின்மீது சுமத்துகிறது. காரணம் தெரியாமல் எதை மறுத்து மேல்முறையீடு எழுதுவது? காற்றோடு வாதிட்டு நான்கு பக்கம் எழுதினோம். வீட்டுவரி ரசீதுகள், பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிச் சான்றுகள், தந்தையின் ஒப்பந்த நகல், திரும்பிவந்த விமானச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்தோம்.

இதே காரணத்தால் மறுக்கப்பட்டவர்கள் எழுதுங்கள். மனுவின் படியைத் தருகிறேன், உங்கள் விவரங்களை இட்டு அனுப்பலாம். முதலில் காரணங்களைக் கேட்டு ஒரு கடிதம், அதன் பின்னரே மேல்முறையீடு. ஆனால் மேல்முறையீட்டுக்கான காலக்கெடு தவறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மனு விரைவு அஞ்சலில் சென்று பதினேழு நாளாகிறது. விடுதிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை.