மழை நாளில் கேமராவுக்கு என்ன வேலை?

சென்னையில் ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், கேமரா வைத்திருக்கும் காலேஜ் பசங்களுக்கு வீட்டில் கால் தங்காது. கேமராவுக்கு ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மெரினாவில் ஒரே குடைக்குள் ஒரு ஜோடி, பஸ் கண்ணாடியில் வழியும் துளிகள், தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் எல்.ஐ.சி. கட்டடம்... எல்லோர் ஆல்பத்திலும் இந்த மூன்றும் கட்டாயம் இருக்கும்!

அதில் தப்பே இல்லை. மழை நாளின் வெளிச்சம் அப்படி. மேகம் மூடிய வானம் வெயிலின் கடுமையான நிழல்களை அழித்துவிடும். நனைந்த சுவரும் தார் ரோடும் நிறம் கூடித் தெரியும். ஷட்டரை 1/500 நொடிக்கு வைத்தால் துளி அந்தரத்தில் நிற்கும். 1/30க்கு இறக்கினால் அதே மழை கோடு கோடாக விழும். ஏசி ரூமிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் ஆவி படியும், கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். நாலு மழைக்கு அலைந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் படங்களில் மழை இருக்கிறது, அழகு இருக்கிறது, ஊர் மட்டும் இருப்பதில்லை. அந்தக் குடை ஜோடியை மும்பை என்று சொன்னாலும் நம்பிவிடலாம். ஆனால் சென்னை தன் பழைய முகத்தைக் காட்டுவதே மழையில்தான்.

தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் ஒரு பெரிய ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய ஊர் அது. ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம்! 1976ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். மனுஷன் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, பழைய வரைபடத்தைத் தேடி யாரும் லைப்ரரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

"மழையை ரசிக்கக்கூட விடமாட்டீர்களா?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாக ரசிக்கலாம். 1983ல் போர்பந்தரில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கழுத்தளவு தண்ணீரில், தையல் மெஷினைத் தோளில் சுமந்து வரும் ஒரு தையல்காரர், முகத்தில் சிரிப்போடு! அழகும் இருக்கிறது, வெள்ளம் ஒரு மனுஷனின் பிழைப்பை என்ன செய்தது என்பதும் இருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் இருக்க முடியும்.

அதற்காக இடுப்பளவு தண்ணீரில் பாத்திரம் பண்டத்தோடு நிற்பவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டக் கூடாது. முதலில் கை கொடுக்க வேண்டும், பிறகு கேட்டுவிட்டு எடுக்கலாம். திறந்த மேன்ஹோலும் மின்பெட்டியும் எங்கே இருக்கின்றன என்று தெரியாத தண்ணீரில் இறங்கவே கூடாது. எந்தப் படமும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒவ்வொரு மழைக்கும் ஒரே தெருவில், ஒரே இடத்தில் நின்று ஒரு படம். தண்ணீர் எத்தனையாவது படிக்கட்டு வரை ஏறியது என்று தெரிய வேண்டும். கீழே தெருப்பெயர், தேதி, மணி. அவ்வளவே. ஃபிளாட் விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர்கள் பளிச்சென்ற வெயில் நாளாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். "இங்கே தண்ணீரே நிற்காது சார்" என்று புரோக்கர் சத்தியம் பண்ணும்போது, கடன் வாங்கி வீடு வாங்க வந்தவருக்குக் கைகொடுப்பது யாரோ ஒரு மாணவர் மழையில் நனைந்து எடுத்த அந்தப் படமாக இருக்கலாம்.

குடை ஜோடியையும் எடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அவர்கள் நிற்கும் தெருவின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.