நகல் தலையும் நகல் சேலையும்

அகஸ்டஸ்! ரோமாபுரியின் முதற் பேரரசன். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அவன் ஆணைக்கு அஞ்சாத கரையில்லை என்பர். இன்றோ அவனது மார்பளவுச் சிலையின் நகல், வரலாற்று ஆர்வலர்க்கென விலைக்கு வருகிறது. 1863இல் ரோம் நகரின் புறத்தே கிடைத்த சலவைக்கல் சிலையைப் பார்த்து வார்த்த நகல். வாங்கி வரவேற்பறையில் வைக்கலாம். வருவோர்க்குக் காட்டி மகிழலாம்.

வாங்கட்டும், வேண்டாமென்று கூறுவோமல்லோம். நகல் என்று கூறியே விற்கின்றனர். நகல் என்று அறிந்தே வாங்குகின்றனர். அதில் சூதில்லை. ஆனால், வரலாற்றை நேசிக்கும் நண்பர்களே! அந்தத் தலைக்கு நம் நாட்டிலே கிடைத்த மதிப்பு யாது என்பதை அறிவீரோ?

1898இல் புதுக்கோட்டைச் சீமையிலே 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாய்க் கிடைத்தன. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட காசுகளில், பேரரசன் தலையின் குறுக்கே ஆழ்ந்த உளிவெட்டு! “உன் முத்திரை எமக்கு வேண்டா, பொன்னின் எடை போதும்” என்பதே அவ்வெட்டின் பொருள் என ஆய்வாளர் பலர் கருதுவர்.

எதற்கு விலையாக வந்தது அப்பொன்? மிளகுக்கு, முத்துக்கு, மென்துகிலுக்கு! ‘எரித்திரேயக் கடற்பயணம்’ என்னும் பழைய கிரேக்க ஏடு, ‘அர்காரு’ என்ற ஊரின் துகிலைக் குறிக்கிறது; அது நம் உறையூரே என்பர் அறிஞர். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை விழுங்குகிறதே எனப் புலம்பினார் பிளினி. ரோமாபுரியின் பொற்கிழியை அவிழ்க்கவைத்த அத்துகிலை நெய்தவன் பெயர் என்ன? எந்த ஏட்டிலும் இல்லை. வென்றவனுக்குச் சிலை, நெய்தவனுக்கு?

அந்த உழைப்பின் மரபு இன்றும் வாழும் ஊர் காஞ்சி. 1909இல் அறிஞர் அண்ணாவை ஈன்ற ஊர். நெசவுக் குடியிற் பிறந்த அவர், ‘ரோமாபுரி ராணிகள்’ எழுதி, மாளிகை மினுக்கின் பின்னிருந்த மாசினைக் காட்டினார். 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் வாடியபோது, துணியைத் தோளிற் சுமந்து தெருவிலே விற்றார். ரோமாபுரியை எப்படிப் படிப்பது, நெசவாளிக்கு எப்படித் துணைநிற்பது என இரண்டையும் கற்பித்த தலைவர் அவர்.

இன்று காஞ்சித் தறியின் நிலை என்ன? உடலையும் கரையையும் கோர்வையிட்டு இணைக்க, மூன்று நாடா ஓடவேண்டும்; துணைக்கு ஓர் ஆள் வேண்டும்; நாட்கணக்கில் உழைப்பு வேண்டும். விசைத்தறியோ விரைந்து ஒரு நகலை உமிழ்கிறது. அதற்கும் ‘காஞ்சிப் பட்டு’ என்றே பெயரிட்டு விற்கும் வணிகர் உண்டு. சிலையின் நகல் தன்னை நகல் என்று ஒப்புக்கொள்கிறது. சேலையின் நகலோ, தானே அசல் என்று சாதிக்கிறது! சிலையின் நகலால் அகஸ்டஸுக்கு இழப்பில்லை; சேலையின் நகலால் நெசவாளியின் அடுப்பு அணைகிறது!

சட்டம் இல்லையா? உண்டு. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏட்டிலே காவல் உண்டு. கடைத்தெருவிலே அக்காவல் விழித்திருக்க வேண்டாமோ?

தோழர்களே! அதிகாரிகளை விழிக்கச் செய்வது ஒரு கடமை. நாம் விழித்திருப்பது மற்றொரு கடமை. ‘சில்க் மார்க்’ முத்திரை, பட்டு தூயது என்று மட்டுமே கூறும். கையால் நெய்தது என்று கூறாது. அதைக் கூறுவது ‘ஹேண்ட்லூம் மார்க்’. மணவீட்டுக்குச் சேலை எடுக்கும்போது இரண்டையும் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடையை நாடுங்கள். பொன்னைக்கூட உளியால் வெட்டிச் சோதித்து வாங்கிய நாடு இது. பொய்ப் பெயரைக் கண்டு ஏமாறலாமா?