நாய்க்கு உப்புக்கண்டம் ஆகாது! உப்பில்லாத கறி வற்றல் கொடுங்கள்!

மொட்டை மாடியில் உப்புக்கண்டம் காய்கிறது. கறியை நூலில் கோத்து, கொடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே வீட்டு நாய் உட்கார்ந்திருக்கிறது. காக்கையை விரட்டுவது அதன் வேலை. ஆனால் அதன் கண் முழுவதும் கொடியின் மேல்தான்!

“பாவம், வாயில்லா ஜீவன். ஒரு துண்டு போடேன்” என்கிறார் பாட்டி.

பாட்டியின் மனம் நல்ல மனம். ஆனால் அந்தத் துண்டு நல்ல துண்டு அல்ல. நாய்க்குக் காய்ந்த கறி கொடுக்க ஆசை இருந்தால், அதற்கென்று தனியாகச் செய்து கொடுக்க வேண்டும். நம் பங்கில் இருந்து எடுத்துப் போடவும் கூடாது. எங்கே, யார் செய்தது என்று தெரியாத பொட்டலத்தை வாங்கிப் போடவும் கூடாது. இது என் கருத்து. காரணத்தையும் சொல்கிறேன்.

உப்பு செய்யும் கேடு

கறியை உலர்த்தி வைப்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். நாம் உப்புக்கண்டம் என்கிறோம். தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மலை ஜனங்கள் தங்கள் கெச்சுவா மொழியில் ‘சார்க்கி’ என்றார்கள். அந்தச் சொல்தான் திரிந்து, இங்கிலீஷில் ‘ஜெர்க்கி’ ஆயிற்று. இன்று பெரிய கடைகளில் நாய்த் தீனி விற்கும் இடத்தில் பளபளப்பான பைகளில் தொங்குவது அதுதான்.

உப்புக்கண்டம் கெடாமல் இருக்கக் காரணம் என்ன? வெயில் மட்டும் அல்ல, உப்பு! உப்பு, கறியில் உள்ள தண்ணீரை இழுத்துவிடுகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் கிருமி வளராது.

அந்த உப்பே நாய்க்கு எமன். நமக்கு வியர்க்கிறது, வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பது இல்லை. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அதனால் நம் அளவு உப்பு அதற்குத் தேவை இல்லை. அளவு மீறினால் தாகம் எடுக்கும்; வாந்தி வரும். இன்னும் மீறினால் நடுக்கம், வலிப்பு என்று போய், உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

உப்போடு முடியவில்லை. உப்புக்கண்டத்தில் பூண்டு அரைத்துப் பூசுகிறோம். சில வீடுகளில் சின்ன வெங்காயமும் சேர்ப்பார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை உடைக்கும் தன்மை உள்ளவை. கேடு உடனே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுத்துப் போகும். “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது!” என்று நாம் திகைப்போம்.

மிளகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவாடும் இதே கதைதான். கருவாட்டுத் தலையை நாய்க்கு என்று ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

6,200 நாய்கள்!

“அப்படியானால் கடையில் விற்பதை வாங்கிப் போடுகிறோம். அதில் மிளகாய் இல்லையே!” என்பீர்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

2007-ம் ஆண்டு முதல், அந்த நாட்டு உணவு, மருந்து இலாகாவுக்குப் புகார்கள் வரத் தொடங்கின. பையில் அடைத்து விற்ற கோழிக்கறி வற்றல், வாத்துக்கறி வற்றல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வற்றல் ஆகியவற்றைத் தின்ற நாய்களுக்கு நோய் கண்டது. பல நாய்கள் வாந்தி எடுத்தன, வயிறு போயிற்று. சில நாய்களுக்குச் சிறுநீரகமே கெட்டது. அந்தப் பண்டங்களில் பெரும்பாலானவை சீனாவில் இருந்து வந்தவை.

2015-ம் ஆண்டு முடிவு வரை வந்த புகார்கள் சுமார் 5,200. அவற்றில் சொல்லப்பட்ட நாய்கள் 6,200-க்கும் மேல். செத்தவை 1,140-க்கும் மேல்!

இலாகா சும்மா இருக்கவில்லை. பண்டங்களை வாங்கிப் பல பரிசோதனைக் கூடங்களில் சோதித்தது. சீனாவுக்கே ஆட்களை அனுப்பித் தொழிற்சாலைகளைப் பார்த்தது. 2013-ம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க் மாநிலத்துப் பரிசோதனையில், சில பண்டங்களில் கோழிக்குப் போட்ட மருந்துகளின் மிச்சம் இருந்தது தெரிந்தது. அவை கடைகளில் இருந்து திரும்ப எடுக்கப்பட்டன. அதன்பின் புகார்களும் குறைந்தன. ஆனால் இத்தனை நாய்களுக்கு நோய் வர அந்த மருந்து மிச்சம்தான் காரணம் என்று இலாகா சொல்லவில்லை. உண்மைக் காரணம் இதுதான் என்று முடிவாகக் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

இதில் என் மனத்தைத் தொட்டது எது தெரியுமா? அந்த நாய்களுக்குக் கெட்ட பண்டத்தைக் கொடுத்தவர்கள் எதிரிகள் அல்ல. வளர்த்தவர்கள்தான்! வாலாட்டி வந்த நாய்க்கு, ஆசையோடு தன் கையால் கொடுத்தார்கள். பையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கும் பயன் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சரக்கும் எந்த நாட்டில் இருந்து வந்தது என்று பையில் அச்சிட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

கடையில் விற்பதெல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சரக்கும் இருக்கிறது. ஆனால் கால் கிலோ கறியும் ஓர் இட்லிச் சட்டியும் இருந்தால், வீட்டிலேயே ஆகிவிடும் ஒரு பண்டத்துக்கு, கண்ணால் பார்க்காத தொழிற்சாலையை ஏன் நம்ப வேண்டும்?

வெயிலை நம்பாதீர்கள்

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். “சரி, உப்பு போடாமல் அதே கொடியில் காய வைத்துவிடுகிறேன்” என்கிறார்கள். கூடாது!

உப்பு இல்லாத பச்சைக் கறியை நம் ஊர் வெயிலில் போடுவது, கிருமிக்கு விருந்து வைப்பது போல. 4 டிகிரி முதல் 60 டிகிரி வரை உள்ள சூடு கிருமிகள் பெருக ஏற்ற சூடு. நம் கோடை வெயில் 40 டிகிரி. நமக்குத்தான் அது கொடுமை, கிருமிக்குச் சுகம்! போதாததற்கு ஈ வேறு.

அடுப்பில் நேராக வாட்டினால் போதாதா என்றால், அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கறி காயக் காய, அதில் உள்ள கிருமியும் காய்ந்து, இறுகி, சூட்டைத் தாங்கப் பழகிவிடுகிறது. ஆகவே ஈரமாக இருக்கும்போதே கிருமியைக் கொன்றுவிட வேண்டும். முதலில் வேக வை, பிறகு உலர்த்து. இதுதான் முறை. ஆடு, மாட்டுக் கறியின் உள்சூடு 71 டிகிரியும், கோழிக்கறியின் உள்சூடு 74 டிகிரியும் தொட வேண்டும் என்று அமெரிக்க விவசாய இலாகா சொல்கிறது.

இது நாய்க்காக மட்டும் அல்ல. 1995-ம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சரியாகச் சூடு ஏறாத மாட்டுக்கறி வற்றலைத் தின்ற மனிதர்களுக்கே சால்மொனெல்லா என்ற கிருமியால் நோய் கண்டது. அந்தக் கிருமி நாயின் குடலில் சத்தம் இல்லாமல் தங்கியிருக்கும். நாய் நன்றாக ஓடி ஆடும். அதன் வாயையும் வாலையும் தொட்டு விளையாடும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்!

செய்யும் முறை

எலும்பு இல்லாத கோழிக்கறி கால் கிலோ வாங்குங்கள். ஆட்டுக்கறி, மாட்டுக்கறியும் ஆகும். தோலையும் கொழுப்பையும் முழுவதும் எடுத்துவிடுங்கள். கொழுப்பு காயாது, சிக்கு வாடை அடிக்கும், நாயின் வயிற்றுக்கும் ஆகாது. எலும்பு துளியும் இருக்கக் கூடாது. வெந்து காய்ந்த எலும்பு ஊசி போல் உடைந்து தொண்டையில் குத்தும்.

கறியை அரை மணி நேரம் ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். கொஞ்சம் விறைத்ததும் வெட்டினால், கத்தி வழுக்காமல் மெல்லிய துண்டாக வரும். அரை சென்டிமீட்டர் கனம் போதும். உப்பு, மஞ்சள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். நமக்குச் சப்பென்று இருக்கும். நாய் சுவையைவிட வாசனையைப் பார்த்துத்தான் தின்னும்.

இட்லித் தட்டில் பரப்பி, பதினைந்து நிமிஷம் ஆவியில் வேக வையுங்கள். நடுத்துண்டை வெட்டிப் பாருங்கள். சிவப்பு தெரியக் கூடாது. கீழே தண்ணீரில் இறங்கிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஆற வைத்து நாயின் சோற்றில் ஊற்றுங்கள். அதன் கண்ணில் அன்றைக்குத் தீபாவளிதான்!

பிறகு உலர்த்துவது. மின்சார அடுப்புப் பெட்டியோ, இப்போது பல வீடுகளில் இருக்கும் ஏர் பிரையரோ இருந்தால், 80 டிகிரியில் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். இல்லையா? தோசைக்கல் இருக்கிறது. மிகச் சிறிய தீயில் வைத்து, துண்டுகளைப் பரப்பி, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொறுமை வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகும். உள்ளே ஈரம் நிற்கும். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் காய வேண்டும்.

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். இதில் உப்பு இல்லை என்பதை மறக்காதீர்கள். அலமாரியில் வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். பச்சைக் கறி பட்ட கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஈரலிலும் செய்யலாம், அந்த வாசனைக்கு நாய் உயிரையே விடும்! ஆனால் எப்போதாவது ஒருநாள் போதும். ஈரலில் வைட்டமின் ‘ஏ’ மிக அதிகம். தினமும் தின்றால் நாயின் எலும்பு கெடும்.

“நாய்க்கு இத்தனை உபசாரமா?”

இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள். “மனிதர்களுக்கே வாரம் ஒருநாள் கறி கிடைப்பது கஷ்டம். நாய்க்கு வற்றல் போட்டுக் கொடுப்பதா?” என்பார்கள். நியாயமான கேள்வி.

நான் சொல்வது விருந்து அல்ல. ஒரு கிலோ கோழிக்கறியில் ஏறக்குறைய முக்கால் கிலோ தண்ணீர்தான். காய்ந்தபின் 300 கிராம் தேறும். கால் கிலோவுக்கு 75 கிராம். பத்துக் கிலோ எடை உள்ள நாய்க்கு, ஒருநாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை போதும். கால் கிலோ கறி ஐந்து நாளைக்கு மேல் வரும். கடைப் பையின் விலையோடு இதை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கு மேல் கொடுக்கவும் கூடாது. நாய் ஒருநாளில் தின்னும் சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட தின்பண்டமாக இருக்கக் கூடாது என்பது கால்நடை டாக்டர்கள் சொல்லும் கணக்கு. கையில் சிறு துண்டாகத் தெரிவது, பச்சையாக இருந்தபோது மூன்று மடங்கு கறி. சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் அழகாக இருப்பது ஒட்டிய வயிற்றால்தான். அவற்றையும் உருளைக்கிழங்கு மூட்டை போல் ஆக்கிவிடாதீர்கள்! சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு, டாக்டரைக் கேட்காமல் கறி வற்றல் கொடுக்க வேண்டாம்.

சும்மாவும் கொடுக்காதீர்கள். “உட்கார்” என்றால் உட்கார்ந்ததா? அந்த நொடியே நகம் அளவு துண்டு ஒன்று. ஐந்து நிமிஷம் கழித்துக் கொடுத்தால், எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. பெரிய துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். அவசரக்கார நாய் மெல்லாமல் விழுங்கும், தொண்டையில் அடைக்கும்.

புரட்டாசி மாதம் கறி ஏறாத வீட்டில் என்ன செய்வது? சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கிறதே! தோல் சீவி, வட்டமாக நறுக்கி, இதே போல ஆவியில் வேக வைத்து, தோசைக்கல்லில் உலர்த்துங்கள். நாய் விரும்பித் தின்னும். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையும் “எனக்கு?” என்று கை நீட்டும். தாராளமாகக் கொடுக்கலாம்.