மீட்க ஓடியவர்களை யார் மீட்பது?

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரில் உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களும் தகர்க்கப்பட்டன. எல்லோரும் வெளியே ஓடிவந்தபோது தீயணைப்புத் துறையினர் உள்ளே ஓடினர். அவர்களில் 343 பேர் அன்றே மாண்டனர். இது உலகறிந்த செய்தி. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அன்றைய புழுதியால் நோயுற்றுப் பின்னாளில் இறந்த அதே துறையினரின் எண்ணிக்கை, 2024-ஆம் ஆண்டுக்குள் 343-ஐத் தாண்டிவிட்டது!

அந்தப் புழுதியில் என்ன இருந்தது? 110 மாடிகள் கொண்ட கட்டடங்கள் நொறுங்கியபோது கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் யாவும் மாவாயின. சிமென்டுத் தூள் காரத்தன்மை உடையது. மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டால் அரிக்கும். கல்நார் இழையோ நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. இடிபாடுகளுக்குள் தீ டிசம்பர் வரை கனன்றது.

ஆனால் செப்டம்பர் 18 அன்றே, அக்காற்றைச் சுவாசிப்பதில் ஆபத்தில்லை என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. சில தெருக்கள் தள்ளியிருந்த ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அக்டோபர் 9 அன்று வகுப்புக்குத் திரும்பினர். அவ்வாறு அறிவிக்கப் போதிய சான்றுகள் அப்போது இல்லை என்று, அந்நிறுவனத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2003-இல் அறிக்கை தந்தது.

கேடு எவ்வளவு? தீயணைப்புத் துறை தன் வீரர்களின் நுரையீரல் திறனை முன்பிருந்தே அளந்து வந்தது. பலமாக ஊதினால் முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதே அந்த அளவு. வயதாவதால் இது ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் குறைவது இயல்பு. புழுதியை உட்கொண்ட வீரர்களுக்கோ முதல் ஆண்டிலேயே சராசரியாக 439 மில்லி லிட்டர் குறைந்தது என 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. வகுத்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் அந்த நுரையீரல்கள் 14 ஆண்டு மூப்படைந்துவிட்டன!

இனி வருவதுதான் சிக்கலான கேள்வி. ஒருவருக்கு நோய் வந்தால், அது புழுதியால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியுமா? ஜேம்ஸ் ஸட்ரோகா என்ற நியூயார்க் காவலர் 2006-இல் 34 வயதில் இறந்தார். புழுதியே காரணம் என்றார் பிணப் பரிசோதனை செய்த மருத்துவர். அல்ல என்றார் நியூயார்க் நகரத் தலைமை மருத்துவப் பரிசோதகர்.

கதிரியக்கப் பாடம் நடத்தும்போது, "எந்த அணு முதலில் சிதையும், சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். எவராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடி அணுக்களில் பாதி எப்போது சிதைந்திருக்கும் என்பதை நன்றாகவே சொல்லலாம். நோயும் அப்படித்தான். தனி ஒருவரில் காரணம் மறைந்திருக்கும். கூட்டத்தில் அது வெளிப்படும். ஆகவே, நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தலையில் வைப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

"அப்படியானால் இருமுகிற எல்லோரும் பணம் கேட்பார்களே!" எனலாம். அதற்கும் வழி உண்டு. ஸட்ரோகாவின் பெயரால் 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின்படி, அங்கே இருந்ததற்குச் சான்று வேண்டும். கல்நாரால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயானால், குறைந்தது 11 ஆண்டுகள் கழித்துத் தோன்றியிருக்க வேண்டும்.

2015-இல் இச்சட்டம் 2090 வரை நீட்டிக்கப்பட்டது. அன்று அங்கிருந்த கைக்குழந்தைக்கு அப்போது 89 வயதாகியிருக்கும். இது சரியான கணக்கு. ஆனால் ஆண்டுச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும் வைத்தார்கள். நோயாளிகள் பெருகினர், வரம்பு போதவில்லை. 2022 டிசம்பரில் 100 கோடி டாலர், மறு ஆண்டில் இன்னொரு தொகை என ஒட்டுப் போட நேர்ந்தது.

புற்றுநோய் நிதியாண்டு பார்த்து வருவதில்லை. பேரிடரில் உயிர் காக்க ஓடியவர்களுக்கும் உயிர் தப்பியவர்களுக்கும் அரசு தரும் மருத்துவம் சலுகையன்று, கடன். எந்த நாடானாலும் அதை நோயின் காலத்தைக் கொண்டு அளக்க வேண்டும், வரவு செலவுத் திட்டத்தின் காலத்தைக் கொண்டு அன்று. மாணவர்களே, நாளை நீங்கள் மருத்துவராகவோ பொறியாளராகவோ அதிகாரியாகவோ ஆகும்போது ஒன்றை மறவாதீர்கள். அளந்து பார்க்காமல் "ஆபத்தில்லை" என்று சொல்லாதீர்கள்.