முதலில் பாய்லர், பிறகு பளபளப்பு!

ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பித்தளையில் ஒரு பாய்லர். அதன் அடியில் சின்ன ஸ்பிரிட்டு விளக்கு. பக்கத்தில் கட்டை விரல் அளவுக்கு ஒரு சிலிண்டர்.

விளக்கை ஏற்றியதும் தண்ணீர் கொதிக்கிறது. "புஸ், புஸ்" என்று நீராவி வருகிறது. சக்கரம் கிறுகிறுவென்று சுற்றுகிறது. அதைப் பார்க்கும் குழந்தை கையைத் தட்டிக் குதிக்கிறது. தாத்தாவும் குழந்தை ஆகிவிடுகிறார்!

இதுதான் நீராவி என்ஜினின் மாதிரி. பெரிய என்ஜின் எப்படி ஓடியதோ, அப்படியே இதுவும் ஓடும்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை

இங்கிலாந்து நாட்டில் இந்தக் குட்டி என்ஜின்களுக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பெர்சிவல் மார்ஷல் என்பவர், 1898-ம் ஆண்டில் "மாடல் என்ஜினீயர்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வீட்டிலேயே இயந்திரம் செய்ய விரும்புகிறவர்களுக்காக அதை நடத்தினார். ஸ்டூவர்ட் டர்னர் கம்பெனி, என்ஜினுக்கு வேண்டிய இரும்பு, பித்தளை வார்ப்புகளை விற்றது. அவற்றை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் அரம் போட்டு, லேத்தில் கடைந்து, ஓடும் என்ஜினாக ஆக்கினார்கள்.

பர்மிங்காம் நகரில் 1937-ம் ஆண்டில் மாமோட் கம்பெனி தொடங்கியது. விளக்கை ஏற்றியதும் ஓடும் பொம்மை என்ஜின்களை அது செய்து விற்றது.

அந்த என்ஜின்கள் எத்தனையோ பரண்களில் கிடந்தன. இப்போது அவற்றைத் தூசி தட்டி எடுத்து, பழுது பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் பலர் அந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதுதான் என் குறை.

எது முதல் வேலை?

பழைய என்ஜின் கைக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள்? பாலீஷ் போடுகிறார்கள், புதுப் பெயிண்டு அடிக்கிறார்கள். என்ஜின் தங்கம் போல மின்னுகிறது. உடனே தண்ணீர் ஊற்றி விளக்கை ஏற்றுகிறார்கள். குழந்தைகள் சுற்றி நிற்கிறார்கள்.

பாய்லருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? "கொண்டையில் தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதைதான் இதுவும்.

நீராவி விளையாட்டுப் பொருள் அல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் பாய்லரை உள்ளிருந்து தள்ளும். அடுக்களையில் குக்கரின் வெயிட்டு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். குக்கரை நாம் புதிதாக வாங்குகிறோம். இந்தப் பாய்லரோ ஐம்பது, அறுபது ஆண்டு பழையதாக இருக்கலாம்!

தண்ணீர்ச் சோதனை

சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பாய்லரில் துளிக் காற்றும் இல்லாமல் குளிர்ந்த தண்ணீரை நிரப்ப வேண்டும். கைப்பம்பால் இன்னும் தண்ணீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்ற வேண்டும். என்ஜின் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாய்லரை 60 பவுண்டு வரை, அதாவது ஒன்றரை மடங்கு சோதிப்பது வழக்கம். புதுப் பாய்லர் என்றால் இரண்டு மடங்கு.

தண்ணீரில் சோதிப்பது ஏன்? தண்ணீர் காற்றைப் போல அமுங்கிச் சுருங்காது. ஆகவே பாய்லர் விரிசல் விட்டாலும் வெடித்துச் சிதறாது. தண்ணீர் கசியும்; அழுத்தம் இறங்கிவிடும்.

பாதுகாப்பு வால்வையும் பார்க்க வேண்டும். அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடுவது அதுதான். அதன் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், புது வால்வு போடுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

இன்னும் ஒன்று. சில பழைய பாய்லர்களை ஈயப்பற்றால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை பயமில்லை. தண்ணீர் வற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் ஒட்டு விட்டுப்போகும்.

புளி ஆகாது!

பாய்லரின் உள்ளே படிந்த உப்பைப் போக்க, புளிக்கரைசலையோ வினிகரையோ ஊற்றி நாள்கணக்கில் ஊறவைக்கக்கூடாது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன. புளிப்பு, துத்தநாகத்தை அரித்துவிடும். பார்க்கப் பித்தளை போல இருக்கும், பலம் இருக்காது.

பழைய என்ஜினில் வெள்ளையாக நார் சுற்றியிருந்தால் கையால் பிய்க்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருக்கலாம். அதன் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. விவரம் தெரிந்தவரைக் கொண்டு எடுங்கள். அதற்குப் பதிலாக இப்போது கிராபைட் கயிறு கிடைக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு மெருகைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் அளவு வேண்டும். எண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்தாலே பாதி அழகு வந்துவிடும். பழைய பெயிண்டையும், செய்தவர் பெயரையும் சுரண்டி எடுத்தால் திரும்ப வராது. தாத்தா கைபட்டுத் தேய்ந்த இடம், தேய்ந்தபடியே இருக்கட்டுமே!

பாய்லர் தேறாவிட்டால்?

"பாய்லர் சோதனையில் தோற்றுவிட்டது. என்ஜினைத் தூக்கிப் போடுவதா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். பாய்லருக்குப் போகும் குழாயைக் கழற்றுங்கள். சிலிண்டருக்கு நேராகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துங்கள். சக்கரம் சுற்றும். நெருப்பும் இல்லை, நீராவியும் இல்லை. பழைய பாய்லர் பார்வைக்கு அப்படியே இருக்கும்.

"இவ்வளவு பாடு எதற்கு? கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டால் போகாதா?" என்று சிலர் சொல்லுகிறார்கள். அதை நான் ஒப்பமாட்டேன். ஓடுவதற்காகச் செய்த பொருள் ஓட வேண்டும். வெந்நீர் எப்படிச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று, படிக்கும் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். பத்துப் பக்கம் படித்தால் புரியாதது, பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆனால், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பதற்கு முன், பாய்லரைச் சோதித்துவிடுங்கள். பாலீஷ் டப்பாவை நாளைக்குத் திறக்கலாம்!