கட்டுச்சோறு கட்டுவது கஞ்சத்தனமா?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். சன்வே லகூனா, தம்புன் லோஸ்ட் வேர்ல்டா, ஜொகூர் லெகோலாண்டா, கெந்திங் மலையா? நுழைவுச்சீட்டின் விலையைக் கண்டு பெருமூச்சு விடுகிறோம். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாங்கியும் விடுகிறோம். அதுவரை யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. ஆனால், அந்தக் கூட்டத்தில் ஒருவர், "வீட்டிலேயே சோறு கட்டிக்கொண்டு போய்விடலாமே" என்று சொல்லட்டும்! உடனே ஒரு சிரிப்பு எழும். "கஞ்சம்" என்பார் ஒருவர். "தோட்டத்துப் புத்தி இன்னும் போகவில்லை" என்பார் இன்னொருவர். படித்தவர்கள் அமர்ந்திருக்கும் ஆசிரியர் அறைகளிலும் இந்தச் சிரிப்பு கேட்கிறது. அதனை மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. மாதத்திற்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாள் உழைப்பின் மதிப்பு ஏறக்குறைய 65 வெள்ளி. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் பூங்காவிற்குள் நண்பகல் உணவு உண்கிறது. ஆளுக்கு ஒரு தட்டுச் சோறும் ஒரு பானமும் 25 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கே 125 வெள்ளி. அதாவது ஒரு தந்தையின் இரண்டு நாள் உழைப்பு, அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது! பிற்பகலில் வாங்கும் தண்ணீர்ப் புட்டியும் பனிக்கூழும் இந்தக் கணக்கில் இல்லை. அதே ஐவருக்கும் வீட்டில் புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, பழமும் சேர்த்துக் கட்டினால் 25, 30 வெள்ளியில் முடிந்துவிடும். மிஞ்சும் நூறு வெள்ளிக்கு ஒரு கறுப்புப் பள்ளிக் காலணியும் சில பயிற்சி நூல்களும் வாங்கலாம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரையா நாம் கஞ்சம் என்கிறோம்? அவருக்குக் குடும்பக் கணக்கு தெரியும் என்பதல்லவா உண்மை!

"ஆண்டுக்கு ஒரு முறைதானே, செலவு செய்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. செலவு செய்யட்டும், முடிந்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். முடியாதவரையும் செய்ய வைக்கும் அந்தக் கேலியைத்தான் நான் எதிர்க்கிறேன். கையில் பணம் இல்லாதபோதும், 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று அஞ்சிக் கடன் அட்டையை நீட்டும் பெற்றோரை உருவாக்குவது அந்தக் கேலிதான்.

இந்த வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? நம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் தோட்டத்து லோரியில் ஏறிப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனபோது பாயும் சோற்றுச் சட்டியும் உடன் போயின. தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போனபோது வாழையிலையில் மடித்த புளிச்சோறு போயிற்று. அந்தக் காலத்தில் சோறு கட்டாமல் கிளம்பிய குடும்பத்தைத்தான், 'பொறுப்பில்லாதவர்கள்' என்று ஊர் பேசியது. பக்கத்துப் பாயில் அமர்ந்திருந்த அறிமுகமில்லாத குடும்பத்திற்கும் ஒரு பிடி போயிற்று. அவர்களின் சட்டியிலிருந்து ஒரு துண்டு கறி வந்தது. கட்டணக் கதவுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பழக்கம் வந்த பிறகே கட்டுச்சோறு நமக்கு இழிவாகத் தோன்றத் தொடங்கியது. சோறு மாறவில்லை. நாம் கதவைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொண்டோம்.

அந்தக் கதவைப் பற்றியும் பேச வேண்டும். நீர்ப் பூங்காக்கள் பலவற்றின் வாயிலில் 'வெளி உணவு கூடாது' என்ற விதி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பூங்காவின் வாயிலில் நான் கண்டது இது. பை சோதனையில் ஒரு தாயின் தூக்குச் சட்டி வெளியே எடுக்கப்பட்டது. வண்டி வெகுதூரத்தில் நின்றது, வெயிலோ கொளுத்தியது. திரும்பிப் போக வழியின்றி அந்த அம்மா சோற்றைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். அவருடைய மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோற்றைக் கீழே சிந்தினால் கண்டிக்கிற தாய், தன் கையாலேயே சோற்றைக் கொட்டுவதைப் பிள்ளைகள் கண்டார்கள். இதனை எந்தப் பாடநூலைக் கொண்டு சரிசெய்வது?

பூங்காக்காரர்களும் காரணங்கள் சொல்கிறார்கள். குப்பை சேரும், ஈ மொய்க்கும், உணவு கெட்டு யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் பழி தங்கள் மீது விழும். இவற்றில் உண்மை இருக்கிறது. தம் இடத்திற்குள் விதி வகுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்பதும் வலுவான வாதமே. திரையரங்குகள் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2023 சனவரியில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால், குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்பதையும் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது.

குப்பையும் தூய்மையும்தான் காரணம் என்றால், உலகின் பெரிய பூங்காக்கள் எப்படிச் சமாளிக்கின்றன? புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் சொந்தப் பயன்பாட்டிற்கு உணவு கொண்டு போகலாம். சூடாக்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும், கண்ணாடிக் கொள்கலனும் மதுவும் கூடாது. தோக்கியோ டிஸ்னிலாண்டில் பொட்டலம் உள்ளே செல்ல முடியாது. ஆனால் வாயிலுக்கு வெளியே அமர்ந்து உண்ண இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சாங்ஹாய் டிஸ்னிலாண்டின் கதை இன்னும் சுவையானது. அங்கே வெளி உணவுக்குத் தடை இருந்தது. 2019 தொடக்கத்தில் தின்பண்டத்துடன் போய் வாயிலில் தடுக்கப்பட்ட ஒரு சட்டக் கல்லூரி மாணவி வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவருக்கு 50 யுவான் கிடைத்தது. தொகை சிறிது. ஆனால் பூங்காவின் விதியே மாறிவிட்டது! சொந்த உணவைப் பெரும்பாலும் கொண்டு போகலாம் என்றானது. கேட்டார், கிடைத்தது. நாமோ கேட்பதற்கே வெட்கப்படுகிறோம். நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனை' பற்றிய பகுதி 2010 திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்டது என்பதாவது நமக்கு நினைவிருக்கட்டும்.

இப்போது ஆசிரியர்களிடம் வருகிறேன். கல்விச் சுற்றுலாவிற்கான சுற்றறிக்கையை நாம் எப்படி எழுதுகிறோம்? பேருந்து, நுழைவுச்சீட்டு, நண்பகல் உணவு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. உணவை மட்டும் விட்டுவிட்டுக் கட்டும் வாய்ப்பே அதில் இல்லை. கையொப்பமிட்ட படிவங்கள் திரும்பி வரும்போது ஒவ்வொரு வகுப்பிலும் 'வரவில்லை' என்று இரண்டு, மூன்று வரும். "எனக்குப் போகப் பிடிக்கவில்லை டீச்சர்" என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பூங்கா பிடிக்காமலா போகும்? வீட்டின் நிலை அறிந்து அது சொல்லும் பொய் அது. உணவுக்கான இருபது வெள்ளியைக் குறைத்திருந்தால் அந்தப் பிள்ளையும் பேருந்தில் ஏறியிருக்கக்கூடும். நம் வசதிக்காக எழுதிய ஒரே தொகை, ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறது. கஞ்சத்தனம் என்ற சொல்லை எங்கே பயன்படுத்த வேண்டும் என்று இப்போது சொல்லுங்கள்!

"உணவு கெட்டுப்போனால் யார் பொறுப்பு?" என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்ண வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு வலியுறுத்துகிறது. அந்த விதிக்குள் நின்றே கட்டலாம். தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக் முதலில் ஊசிப்போகும், அதனைத் தவிர்க்கலாம். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு தாங்கும். அதையும் பரப்பி ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும். சூடாக மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். நெடுந்தூரப் பயணமென்றால் சோறே வேண்டாம். ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், ஆரஞ்சு போதும்.

விதியை ஏமாற்றி ஒளித்துக்கொண்டு போகும்படி நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் கண்முன்னே பொய் சொல்லிக் கொண்டு போகும் சோறு செரிக்காது. வழி வேறு இருக்கிறது:

1. கிளம்பும் முன் பூங்காவை அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளி உணவு உண்டா? தண்ணீர்ப் புட்டி உண்டா? வெளியே வந்து உண்டுவிட்டு மீண்டும் உள்ளே போகலாமா?

2. தடை இருந்தால், வாயில் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். வெளியே நிழலில் அமர்ந்து வயிறாரப் பசியாறிவிட்டு உள்ளே போகலாம். மிச்சத்தை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். குப்பையை எடுத்து வந்துவிடுங்கள்.

3. நீச்சலுடையை மறவாதீர்கள். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்தால் நீர்ச்சறுக்குகளில் விடமாட்டார்கள். மறந்தவர் உள்ளேயே வாங்க நேரும். அந்த விலை சோற்றின் விலையை விழுங்கிவிடும். துவாலையும் மழைச்சட்டையும் அப்படித்தான்.

4. ஆளுக்கொரு பை வேண்டாம். குடும்பத்திற்கே ஒரு பை என்றால் ஒரே பெட்டக வாடகை. ஈர உடைக்கு இரண்டு பிளாஸ்டிக் பைகள், தலைவலி மாத்திரை, வெயிலுக்குப் பூசும் களிம்பு ஆகியவை அதிலேயே அடங்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றறிக்கையில் உணவுக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்து, 'வீட்டிலிருந்து உணவு கொண்டு வரலாம்' என்ற ஒரு வரியைச் சேருங்கள். பேருந்து முழுவதற்கும் சீட்டு வாங்கும் பள்ளியின் குரலைப் பூங்கா நிருவாகம் கேட்கும். உண்ண ஓர் இடம் ஒதுக்கித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால், அனுமதிக்கும் வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர்களும் அன்று பொட்டலத்தைப் பிரித்து மாணவரோடு அமர்ந்து உண்ணட்டும். ஆசிரியர் கையில் பொட்டலத்தைக் கண்ட பிள்ளை தன் பொட்டலத்தை மறைக்காது.

'கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' என்று நம் முன்னோர் கேட்டார்கள். சுற்றுலா ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைக்குச் சோறு தாங்கும். அதைக் கட்டிக் கொடுக்க வெட்கப்படாத பெற்றோர்தாம் நமக்கு வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.